உங்க எம்.பி. எதுக்கு ‘ஆம்’ சொன்னார்? பதிவாகாத ஓட்டுகளின் கதை

ஒரு சின்னக் கேள்வியோட ஆரம்பிப்போம். உங்க தொகுதி எம்.பி. யாருன்னு உங்களுக்குத் தெரியும்னு வெச்சுக்கலாம். அவர் கடைசியா எந்த மசோதாவுக்கு ஆதரவா ஓட்டுப் போட்டார்? எதை எதிர்த்து ஓட்டுப் போட்டார்?

போனை எடுத்துத் தேடிப் பாருங்க. அவர் எத்தனை நாள் அவைக்கு வந்தார், எத்தனை கேள்வி கேட்டார், எத்தனை விவாதத்தில் பேசினார், எத்தனை தனிநபர் மசோதா கொண்டுவந்தார் என்பதெல்லாம் கிடைக்கும். 2005-ல் தொடங்கப்பட்ட பி.ஆர்.எஸ். லெஜிஸ்லேட்டிவ் ரிசர்ச் என்ற அமைப்பு எம்.பி.க்களுக்குத் தனித்தனியாகப் பக்கம் வைத்து, தேசிய சராசரி, மாநில சராசரியோடு ஒப்பிட்டுக் காட்டுகிறது. உருப்படியான வேலை. ஆனா அந்தப் பக்கத்துல ஓட்டுக்குன்னு ஒரு கட்டம் இருக்காது.

கோடு எழுதுற ஆட்களுக்கு இதைப் பார்த்ததும் என்ன தோணும்? டேட்டா எங்கேயோ பி.டி.எஃப்-ல கிடக்கும், ஒரு ஸ்கிரிப்ட் எழுதி உருவிட்டா வேலை முடிஞ்சுதுன்னு. அங்கதான் சிக்கல். நம் நாட்டில் நிறைவேறும் பெரும்பாலான சட்டங்களுக்கு, எந்த உறுப்பினர் எந்தப் பக்கம் நின்றார் என்ற தகவல் எங்கேயுமே பதிவாகவில்லை. யாரும் அதை ஒளித்து வைக்கவில்லை. அது உருவாகவே இல்லை.

இது எப்படி இப்படி ஆச்சுங்கிறதுதான் இன்னைக்குக் கதை. நம்ம நாடாளுமன்ற நடைமுறையில் பெரும்பகுதி பிரிட்டனிலிருந்து வந்தது. அதனால முதல்ல லண்டனுக்குப் போய்ட்டு வந்துடுவோம்.

18-ஆம் நூற்றாண்டு லண்டனில், நாடாளுமன்றத்தில் யார் என்ன பேசினார்கள் என்று பத்திரிகையில் போடுவதே தப்பு. அது சபையின் உரிமை மீறல் என்று 1738-ல் காமன்ஸ் சபை தீர்மானமே போட்டது. இந்த ரகசியத்துக்குப் பழைய காரணம் ஒன்று உண்டு. உறுப்பினர் பேசியது ராஜா காதுக்குப் போனால் அவர் தலைக்கே ஆபத்து என்று இருந்த காலம் அது. 18-ஆம் நூற்றாண்டு வரும்போது ராஜா அவ்வளவு பயங்கரமான ஆளாக இல்லை. ஆனால் ரகசியம் மட்டும் அப்படியே நின்றுவிட்டது, இப்போது ஜனங்களுக்கு எதிராக. இந்தப் பாயிண்டை ஞாபகம் வெச்சுக்குங்க. பின்னாடி நம்ம சென்னையிலேயே திரும்ப வரும்.

பத்திரிகைக்காரங்க சும்மா இருப்பாங்களா? ‘ஜென்டில்மேன்ஸ் மேகசின்’ ஒரு குறுக்கு வழி கண்டுபிடித்தது. லில்லிபுட் தேசத்து நாடாளுமன்றத்தில் நடந்த விவாதம் என்று கதை மாதிரி வெளியிட்டது. பெயர்களையெல்லாம் எழுத்து மாற்றிப் போட்டார்கள். சில வருடங்கள் அதை எழுதியவர், பின்னாளில் ஆங்கில அகராதியால் புகழ்பெற்ற சாமுவேல் ஜான்சன். மனுஷன் சபைக்குள் போனதே அபூர்வம். கைக்குக் கிடைத்த குறிப்பை வைத்துக்கொண்டு முழுப் பேச்சையும் தானே எழுதிவிடுவார்.

1771-ல் இது வெடித்தது. விவாதங்களை அச்சடித்தவர்களைப் பிடித்து வரச் சொல்லி காமன்ஸ் சபை ஆள் அனுப்பியது. அப்படி ஒரு அச்சகக்காரரைக் கைது செய்யப்போன சபை ஊழியரையே லண்டன் மாநகரக் காவலர் கைது செய்துவிட்டார்! உத்தரவுக்குப் பின்னால் இருந்தவர்கள் மேயர் பிராஸ் கிராஸ்பி, ஆல்டர்மேன் ரிச்சர்ட் ஆலிவர், அப்புறம் அன்றைய கலகக்காரர் ஜான் வில்க்ஸ். கோபமான சபை, மேயரையும் ஆலிவரையும் லண்டன் டவர் சிறையில் போட்டது. ஊரே அவர்கள் பக்கம் திரண்டது. சபை கூட்டத்தொடர் முடிந்ததும் வெளியே வந்தார்கள். சபை தன் தீர்மானத்தை ரத்து செய்யவில்லை, ஆனால் அதற்குப் பிறகு யாரையும் பிடிக்கவும் துணியவில்லை. பேச்சு வெளியே வர ஆரம்பித்தது. அடுத்த நூற்றாண்டின் தொடக்கத்தில் வில்லியம் காபெட் விவாதங்களைத் தொடர்ச்சியாக வெளியிட்டார். பணமுடையில் அதை 1812-ல் தன் அச்சகக்காரருக்கு விற்றார். அந்த அச்சகக்காரர் பெயர் தாமஸ் கர்சன் ஹான்சர்ட். இன்று பல நாடுகளில் நாடாளுமன்றப் பதிவேட்டுக்கு ‘ஹான்சர்ட்’ என்று பெயர் இருப்பது அதனால்தான்.

கவனிச்சீங்களா, இதுவரைக்கும் வெளியே வந்தது பேச்சு. ஓட்டு இன்னும் வரலை.

அதற்கு ஒரு தீ விபத்து தேவைப்பட்டது. பிரிட்டன் கருவூலம் நூற்றாண்டுகளாகக் கணக்கை மரக்குச்சியில் வெட்டு போட்டு வைத்திருந்தது. வழக்கொழிந்த அந்தக் குச்சிகளை 1834 அக்டோபரில் நாடாளுமன்றக் கட்டடத்து அடுப்பில் போட்டு எரித்தார்கள். கட்டடமே எரிந்துபோனது. பழைய டேட்டாவை டிலீட் பண்ணப் போய் சர்வர் ரூமே காலியான கதை. அதுவரை வாக்கெடுப்பு என்றால் ஒரு தரப்பு உள்ளேயே உட்கார்ந்திருக்கும், இன்னொரு தரப்பு வெளியே போகும். தலை எண்ணுவார்கள், பெயர் எழுத மாட்டார்கள். தற்காலிகச் சபையில் 1836-ல் இரண்டாவது லாபியும் வந்தது. ‘ஆம்’ ஒரு வழி, ‘இல்லை’ ஒரு வழி, இரண்டு வாசலிலும் பெயரைக் குறிக்க ஆள். அந்த வருடத்திலிருந்து யார் எப்படி ஓட்டுப் போட்டார் என்ற பட்டியலைச் சபையே அச்சடித்தது. 1832-ல் ஓட்டுரிமை விரிவாகியிருந்தது, புது வாக்காளர்கள் கேள்வி கேட்க ஆரம்பித்திருந்தார்கள். தீ ஒரு சாக்கு, அவ்வளவுதான்.

அமெரிக்காவில் இது அரசியல் சட்டத்திலேயே இருக்கிறது. வந்திருக்கும் உறுப்பினர்களில் ஐந்தில் ஒரு பங்கு கேட்டால் பெயரோடு ஓட்டைப் பதிந்தே ஆகவேண்டும். அப்படியும் ஒரு ஓட்டை இருந்தது. பிரதிநிதிகள் சபை முழுக் குழுவாக உட்காரும்போது முக்கியமான திருத்தங்களைத் தலை எண்ணியே முடித்துவிடுவார்கள், பெயர் கிடையாது. வியட்நாம் போர்க் காலத்தில், எதிர்ப்பாளர்கள் பார்வையாளர் மாடத்தில் ஆட்களை உட்கார வைத்து, கீழே நடந்து போகும் உறுப்பினர்களின் முகத்தை அடையாளம் பார்க்கச் சொன்னார்கள். மாடத்தில் குறிப்பெடுக்கக்கூட அனுமதி இல்லை, மனசுல வெச்சுக்கணும். 1970-ல் சட்டம் மாறியது, 1973-ல் மின்னணு வாக்குப்பதிவு வந்தது.

கடைசியா ஒரு சாஃப்ட்வேர் கதை. 2003 மார்ச் 18 அன்று ஈராக் போருக்கு பிரிட்டிஷ் சபை 412-க்கு 149 என்று ஒப்புதல் கொடுத்தது. யார் எப்படி ஓட்டுப் போட்டார்கள் என்பது ஹான்சர்டில் இருந்தது, ஆனால் சாதாரண ஆள் தேடி எடுப்பது கஷ்டம். ஜூலியன் டாட், பிரான்சிஸ் இர்விங் என்ற இரண்டு புரோகிராமர்கள் அந்தப் பக்கங்களை ஸ்கிரேப் செய்து ‘பப்ளிக் விப்’ என்ற தளத்தைக் கட்டினார்கள். கட்சியை மீறி யார் எத்தனை தடவை ஓட்டுப் போட்டார் என்று அது கணக்குக் காட்டியது. 2004-ல் தன்னார்வலர்கள் ‘தே ஒர்க் ஃபார் யூ’ தளத்தைத் தொடங்கினார்கள். 1836-ல் சபை தொடங்கிய பதிவு இல்லையென்றால் அந்த ஸ்கிரிப்டுக்கு உருவ எதுவுமே இருந்திருக்காது.

இப்ப டெல்லி.

மக்களவை விதி 367-தான் இதுக்கு மையம். சபாநாயகர் கேள்வியை வைப்பார். ஆதரிப்பவர்கள் ‘ஆம்’, எதிர்ப்பவர்கள் ‘இல்லை’ என்று சத்தமாகச் சொல்வார்கள். ‘ஆம் தரப்பு வென்றதாக நினைக்கிறேன்’ என்பார். யாரும் மறுக்கவில்லை என்றால் முடிந்தது. இதுதான் குரல் வாக்கெடுப்பு. யாராவது மறுத்தால் லாபிகளைக் காலி செய்யச் சொல்லி, மூன்றரை நிமிடம் கழித்து மறுபடி கேள்வியை வைப்பார். மறுபடியும் மறுத்தால் டிவிஷன், அதாவது பெயரோடு கூடிய வாக்கெடுப்பு. ஆனால் அதே விதியில் ஒரு துணைவிதி உண்டு: டிவிஷன் தேவையில்லாமல் கேட்கப்படுகிறது என்று சபாநாயகருக்குத் தோன்றினால் இரு தரப்பையும் எழுந்து நிற்கச் சொல்லி எண்ணி முடிவு சொல்லலாம். அப்போது பெயர்கள் பதிவாகாது. அமெரிக்காவில் அரசியல் சட்டம் கொடுக்கிற உறுதி, இங்கே சபையின் விதியிலும் அந்த நாற்காலியில் இருப்பவர் கையிலும் இருக்கிறது.

மெஷின் இல்லாததால் இப்படி என்று நினைக்காதீங்க. 1957-லேயே மக்களவையில் தானியங்கி வாக்குப்பதிவு வந்துவிட்டது. பச்சை ‘ஆம்’, சிவப்பு ‘இல்லை’, மஞ்சள் ‘யாருக்கும் இல்லை’. முதல் மணிக்கும் இரண்டாம் மணிக்கும் நடுவில் 10 விநாடி. ஒரே நேரத்தில் இரண்டு பட்டன்களை இரண்டு கையாலும் அழுத்திப் பிடிக்க வேண்டும். பக்கத்து சீட்டுக்காரருக்கும் சேர்த்துப் போட முடியாது. யோசிச்சு செய்த டிசைன். 60 வருஷத்துக்கு மேல் ஆகுது, பெரும்பாலான மசோதாக்களுக்கு அது பக்கம் யாரும் போறதில்லை.

குரல் வாக்கெடுப்பே மோசடி என்று நான் சொல்லவில்லை. யாரும் எதிர்க்காத ஒரு சின்னத் திருத்தத்துக்குப் பெயர் பதிவு செய்வது வீண் வேலை. எதிர்ப்பு இருக்கும்போது என்ன நடக்குது என்பதுதான் கேள்வி. 2014 பிப்ரவரி 18, ஆந்திரத்தைப் பிரித்துத் தெலங்கானாவை உருவாக்கும் மசோதா மக்களவைக்கு வந்தது. சில நாள் முன்னாடிதான் அதே சபையில் மிளகு ஸ்பிரே அடித்த களேபரம் நடந்திருந்தது. அன்றைக்கு நேரடி ஒளிபரப்பு நின்றுபோனது. குரல் வாக்கெடுப்பில் மசோதா நிறைவேறியது. இரண்டு நாள் கழித்து மாநிலங்களவையிலும் குரல்தான். ஒரு மாநிலமே பிறந்திருக்கு, அதுக்கு யார் ‘ஆம்’ சொன்னார், யார் ‘இல்லை’ சொன்னார்னு பெயர்ப் பட்டியல் இல்லை. ஆதரித்தவர் பேரனுக்கும் காட்ட முடியாது, எதிர்த்தவர் பேரனுக்கும் காட்ட முடியாது.

2020 செப்டம்பர் 20, ஞாயிற்றுக்கிழமை, மாநிலங்களவை. வேளாண் மசோதாக்களைத் தேர்வுக் குழுவுக்கு அனுப்பச் சொல்லி திமுகவின் திருச்சி சிவா உள்ளிட்ட எதிர்க்கட்சி உறுப்பினர்கள் தீர்மானம் கொண்டுவந்தார்கள், டிவிஷனும் கேட்டார்கள். துணைத் தலைவர் ஹரிவன்ஷ் குரல் வாக்கெடுப்பிலேயே முடித்தார். இடத்தில் உட்கார்ந்து கேட்கவில்லை, அவை ஒழுங்காக இல்லை என்பது அவர் தரப்பு. நாங்கள் இடத்தில் இருந்துதான் கேட்டோம் என்பது அவர்கள் தரப்பு. மறுநாள் 8 எம்.பி.க்கள் இடைநீக்கம். ஒரு வருடத்துக்கு மேல் டெல்லி எல்லையில் விவசாயிகள் உட்கார்ந்தார்கள். 2021 நவம்பர் 29 அன்று மூன்று சட்டங்களும் ரத்தாயின. எப்படி? விவாதம் இல்லாமல், இரண்டு அவையிலும் குரல் வாக்கெடுப்பில். வந்ததும் குரலில், போனதும் குரலில்.

ஆளுங்கட்சியை மட்டும் சொல்லிட்டுப் போனா அது பாதிக் கதை. எதிர்க்கட்சிகள் எத்தனை மசோதாவுக்கு டிவிஷன் கேட்கின்றன? ‘இல்லை’ என்று கத்திவிட்டு விட்டுவிடுகிற நாட்கள்தான் அதிகம். இன்னொன்று நமக்கு ரொம்பப் பழக்கமான வெளிநடப்பு. டிவியில் பார்க்க எதிர்ப்பு மாதிரி இருக்கும். பதிவேட்டில் அது ‘இல்லை’ ஓட்டு கிடையாது. டிவிஷன் நடந்தாலும், வெளிநடப்பு செய்தவரும் காய்ச்சலில் வீட்டில் படுத்திருந்தவரும் வாக்குப் பட்டியலில் ஒன்றுதான், இரண்டு பேருமே அதில் இருக்க மாட்டார்கள். எந்தப் பக்கமும் மாட்டிக்கொள்ளாமல் எதிர்த்த மாதிரி காட்ட இதைவிட நல்ல வழி இல்லை.

சரி, ஓட்டு இல்லை. அதனால நாம மத்ததை எண்ணுறோம். வருகைப் பதிவேட்டை எடுத்துக்குங்க. கையெழுத்துப் போட்டவர் எத்தனை மணி நேரம் உட்கார்ந்தார் என்று அது சொல்லாது. அமைச்சர்கள் அதில் கையெழுத்தே போடத் தேவையில்லை. கேள்விகளுக்கும் ஒரு வரம்பு உண்டு. மக்களவையில் ஒரு நாளைக்கு நட்சத்திரக் குறியிட்ட கேள்வி 20, குறியிடாதது 230, அதுவும் குலுக்கலில். கேள்வி எண்ணிக்கை ஒருவர் உழைப்பையும் காட்டலாம், அவர் அலுவலகத்தில் ஒரு நல்ல உதவியாளர் இருப்பதையும் காட்டலாம். இன்னொன்றையும் காட்டலாம். 2005 டிசம்பரில், கேள்வி கேட்கப் பணம் வாங்கியது கேமராவில் சிக்கி 11 எம்.பி.க்கள் பதவி நீக்கப்பட்டார்கள். எண்ணிக்கை மட்டும் பார்த்திருந்தா அவங்க சுறுசுறுப்பானவங்க!

எதிர்ப்பக்கம் பெரோஸ் காந்தி. 1952 தேர்தலில் ஜெயித்து வந்தவர், 1955 வரை சபையில் பெரிதாகப் பேசவே இல்லை. இன்றைய டேஷ்போர்டில் முதல் மூன்று வருடம் அவர் சிவப்புக் கலரில் இருந்திருப்பார். 1957 டிசம்பர் 16 அன்று எழுந்து, எல்.ஐ.சி. நிறுவனம் தொழிலதிபர் ஹரிதாஸ் முந்த்ராவின் ஆறு கம்பெனிகளில் சுமார் 1.24 கோடி ரூபாய் போட்டது எப்படி என்று ஆவணங்களோடு பிரித்துப் போட்டார். சொந்தக் கட்சி அரசு, சொந்த மாமனார் பிரதமர். சாக்ளா கமிஷன் விசாரித்தது. 1958 பிப்ரவரியில் நிதியமைச்சர் டி.டி.கிருஷ்ணமாச்சாரி, நம்ம டி.டி.கே.தான், ராஜினாமா செய்தார். ‘விவாதங்களில் பங்கேற்பு: 1’ என்று ஏறியிருக்கும்.

தனிநபர் மசோதாவும் அப்படித்தான். திருச்சி சிவா கொண்டுவந்த திருநர் உரிமை மசோதா 2015 ஏப்ரல் 24 அன்று மாநிலங்களவையில் நிறைவேறியது. ஒரு தனிநபர் மசோதா ஒரு அவையைத் தாண்டுவதே ரொம்ப அபூர்வம். மக்களவையில் அது கரையேறவில்லை, 2019-ல் அரசு தன்னுடைய வேறு மசோதாவைச் சட்டமாக்கியது. எண்ணிக்கையில் இதுவும் ஒன்று, யாரும் எடுத்துக்கொள்ளாமல் காலாவதியாகும் ஒரு மசோதாவும் ஒன்று. பிரிட்டனிலும் இதே தலைவலி வந்தது. தளத்தில் தங்கள் எண்ணிக்கையை ஏற்றுவதற்காகவே சில உறுப்பினர்கள் எழுந்து எழுந்து பேசுகிறார்கள் என்று புகார் வந்து, எண்களைக் காட்டும் விதத்தைத் தளமே மாற்றவேண்டி வந்தது. ஆனா அவங்ககிட்ட ஓட்டும் இருந்தது. நம்மகிட்ட பெரும்பாலும் எண்கள் மட்டும்தான்.

ஓட்டு பதிவானால் என்ன வித்தியாசம்? 1999 ஏப்ரல் 17. அதிமுக ஆதரவை விலக்கியதால் வாஜ்பாய் அரசு நம்பிக்கை கோரியது. போர்டில் 269-க்கு 270. ஒரே ஓட்டு. அந்த ஓட்டு யாருடையது என்று இன்றும் நம்மால் வாதிட முடிகிறது. இரண்டு மாதம் முன்பே ஒடிசா முதல்வராகிவிட்டு, எம்.பி. பதவியை விடாமல் வந்து ஓட்டுப் போட்ட கிரிதர் கமாங்கா? தேசிய மாநாட்டுக் கட்சியின் உத்தரவை மீறிய சைஃபுதீன் சோஸா? ஒவ்வொரு பெயரும் பட்டியலில் இருப்பதால்தான் இந்த வாதமே சாத்தியம்.

இன்னும் பக்கத்துல வருவோம். 2019 டிசம்பர் 11, குடியுரிமை திருத்த மசோதா, மாநிலங்களவை: 125-க்கு 105. அதிமுக ஆதரித்து ஓட்டுப் போட்டது. வித்தியாசம் 20, அதாவது 11 பேர் இந்தப் பக்கம் மாறியிருந்தால் 114-க்கு 116. இந்தக் கணக்கைத் தமிழ்நாட்டு மேடைகளில் எத்தனை தடவை கேட்டிருப்போம். 2021 தேர்தல் அறிக்கையில் அதே அதிமுக, அந்தச் சட்டத்தைக் கைவிட மத்திய அரசை வலியுறுத்துவோம் என்று எழுதியது. மசோதாவைப் பற்றி உங்க கருத்து எதுவா வேணா இருக்கட்டும். அன்னைக்கு அது குரல் வாக்கெடுப்பில் போயிருந்தா இந்தக் கேள்வியை இவ்வளவு துல்லியமா யாரும் கேட்டிருக்க முடியாது.

ஆனா இங்க இன்னொரு முடிச்சு இருக்கு. என் கணக்கில் இதுதான் பெரிய முடிச்சு.

1967 தேர்தலுக்குப் பிறகு ஹரியானாவில் கயா லால் என்ற எம்.எல்.ஏ. இரண்டே வாரத்தில் மூன்று தடவை கட்சி மாறினார். ‘ஆயா ராம், கயா ராம்’ என்ற வசனமே அங்கிருந்து வந்தது. இதை நிறுத்த 1985 ஜனவரியில் ராஜீவ் காந்தி அரசு 52-ஆவது திருத்தத்தைக் கொண்டுவந்தது, கட்சித் தாவல் தடைச் சட்டம். கட்சி மாறினால் பதவி போகும் என்று மட்டும் அது சொல்லவில்லை. கட்சி உத்தரவுக்கு மாறாக ஓட்டுப் போட்டாலும், ஓட்டுப் போடாமல் இருந்தாலும், 15 நாளுக்குள் கட்சி மன்னிக்காவிட்டால் பதவி போகலாம். பிரிட்டனில் ஈராக் போருக்கு எதிரான திருத்தத்தில் ஆளும் தொழிற்கட்சியின் 139 பேர் தலைமையை மீறினார்கள், அவர்கள் பதவி அப்படியே இருந்தது. ‘பப்ளிக் விப்’ தளத்தில் கலகக்காரர் பட்டியல் சுவாரஸ்யமாக இருந்தது அதனால்தான். அதே பட்டியலை இங்கே எடுத்தால் அது தகுதி நீக்க மனுவுக்கான இணைப்பு!

1992-ல் உச்ச நீதிமன்றம் கிஹோட்டோ ஹொல்லோஹன் வழக்கில் இந்தச் சட்டத்தை ஏற்றது. அரசின் பிழைப்பு, கட்சியின் அடிப்படைக் கொள்கை மாதிரி விஷயங்களுக்கு மட்டும் இப்படி உத்தரவு போடுவது நல்லது என்றும் சொன்னது. கொறடாக்கள் அதை ஒரு யோசனையாகவே எடுத்துக்கொண்டார்கள். கொறடாவின் பிடியைக் குறைக்க 2010-ல் மணீஷ் திவாரி ஒரு தனிநபர் மசோதா கொண்டுவந்தார். தனிநபர் மசோதாக்களின் கதி என்னன்னு இப்பதான் பேசினோம்.

இப்ப அந்தப் பழைய லண்டன் பாயிண்ட். 2017 பிப்ரவரி 18, சென்னை, தமிழ்நாடு சட்டமன்றம். கூவத்தூர் ரிசார்ட்டிலிருந்து எம்.எல்.ஏ.க்கள் நேராக அவைக்கு வந்து இறங்கினார்கள். எடப்பாடி பழனிசாமி நம்பிக்கை கோருகிறார். ஓ.பன்னீர்செல்வம் தரப்பும் எதிர்க்கட்சிகளும் கேட்டது ரகசிய வாக்கெடுப்பு. சபாநாயகர் தனபால் மறுத்தார். அமளி, திமுகவினர் வெளியேற்றம், அப்புறம் பகுதி பகுதியாக எழுந்து நிற்க வைத்து எண்ணி, 122-க்கு 11. மனசாட்சிப்படி ஓட்டுப் போட ரகசியம் வேணும்னு கேட்டவங்க, ராஜாவுக்குப் பயந்த பழைய காமன்ஸ் உறுப்பினர் இடத்துல நின்னாங்க. ராஜா இடத்துல இப்ப கட்சித் தலைமை.

அதாவது ஓட்டுப் பதிவுக்கு ரெண்டு வாசகர் இருக்காங்க. ஒருத்தர் வாக்காளர், இன்னொருத்தர் கொறடா. 1836 பட்டியல் முதல் ஆளை மனசுல வெச்சு வந்தது. 1985-க்கு அப்புறம் நம்ம ஊர்ல அதை நிஜமா உட்கார்ந்து படிக்கிறது ரெண்டாவது ஆள்தான். எல்லா மசோதாவுக்கும் டிவிஷன் கட்டாயம் என்று நாளைக்கே விதி போட்டாலும், 1985 சட்டம் இப்படியே இருந்தால் நமக்குக் கிடைப்பது பெரும்பாலும் கட்சிப் பட்டியலின் நகல். அப்படியும் நான் டிவிஷன் பக்கம்தான். கட்சி சொன்னதால் போட்டேன் என்பவர்கூட, அதைத் தன் பெயருக்கு எதிரே எழுதியபடி தொகுதிக்குத் திரும்பி வரட்டும். குரல் வாக்கெடுப்பில் அவர் ‘ஆம்’ சொன்னாரா, வாயசைத்தாரா, கேன்டீனில் இருந்தாரா என்று யாருக்குமே தெரியாது.

நீங்களே தேடணும்னா ஒரு இடம் சொல்றேன். அரசியல் சட்டத் திருத்த மசோதாவில் டிவிஷனைத் தவிர்க்க முடியாது. மொத்த உறுப்பினர்களில் பாதிக்கு மேல், வந்து ஓட்டுப் போட்டவர்களில் மூன்றில் இரண்டு பங்கு என்று இரண்டையும் நிரூபிக்க எண்ணித்தான் ஆகவேண்டும். அன்றைய விவாதப் பதிவை மக்களவை இணையதளத்தில் திறந்தால் நடுவில் ‘ஆம்’, ‘இல்லை’ என்று இரண்டு பெயர்ப் பட்டியல் வரும். பட்டன் வேலை செய்யாமல் சீட்டில் எழுதிக்கொடுத்தவர்கள் பெயருக்கு நட்சத்திரக் குறி, முடிவு திருத்தத்துக்கு உட்பட்டது என்று ஒரு குறிப்பு. ஸ்கிரேப் பண்ணப் போறவங்க கவனம், அந்த நட்சத்திரம் பார்சரை உடைக்கும்.

2023 செப்டம்பர் 20 தேதியை எடுங்க. பெண்களுக்கு மூன்றில் ஒரு பங்கு இடஒதுக்கீடு, மக்களவை. 454-க்கு 2. அந்த இரண்டு பேர் அசதுதீன் ஒவைசியும் அவர் கட்சியின் இம்தியாஸ் ஜலீலும். முஸ்லிம், பிற்படுத்தப்பட்ட பெண்களுக்கு உள்ஒதுக்கீடு இல்லை என்பது அவர்கள் சொன்ன காரணம். ஏற்கலாம், மறுக்கலாம், பெயரும் காரணமும் கையில் இருக்கிறது. அந்த 454-ல் அப்போதைய உங்க தொகுதி எம்.பி. பெயர் இருக்கான்னு பார்த்துட்டுச் சொல்லுங்க. அடுத்த எபிசோட்ல சந்திப்போம்.